புதிதாகக் குடியேறிய பிள்ளைகள் மறுபடி ஓடியாட

யாழ்ப்பாணத்திலோ மணிலாவிலோ அஸ்மராவிலோ வளர்ந்த ஒன்பது வயதுப் பிள்ளையிடம் "நீ உடற்பயிற்சி செய்கிறாயா?" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கத் தேவையும் இருந்திருக்காது. பள்ளிக்கூடத்துக்கு நடை, இடைவேளையில் ஓட்டம், பின்னேரம் ஒழுங்கையில் பந்து, அம்மா சொன்னதும் கடைக்கு ஓடிப்போய்ச் சீனி வாங்கி வருவது, சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளோடு மரம் ஏறுவது என்று ஒரு நாளுக்குள் இரண்டு மூன்று மணி நேர அசைவு தன்பாட்டில் கலந்திருந்தது. அதே பிள்ளை கனடாவுக்கு வந்து, ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஓர் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் குடியேறியதும், யாரும் "ஓடாதே" என்று சொல்லாமலேயே அத்தனையும் நின்றுபோகிறது.

பெற்றோர் இதைப் பிள்ளையின் குணமாற்றமாகப் பார்ப்பதுண்டு. "இங்க வந்த பிறகு பெடியன் சோம்பேறியாப் போனான், ஐபேடும் கையுமா இருக்கிறான்" என்பார்கள். மாறியது பிள்ளை அல்ல, பிள்ளையின் நாள். ஊரில் அசைவு அன்றாடத்தோடு சேர்ந்து வந்தது. இங்கே அது தனியாகப் பிரிக்கப்பட்டு, பதிவுப் படிவம், கட்டணம், திகதி, உடுப்பு, கார் என்ற ஐந்து வாசல்களுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது. புதிதாக வந்த குடும்பத்துக்கு அந்த ஐந்தில் ஏதோ ஒன்று எப்போதும் பூட்டியே இருக்கும். உதவி செய்ய நினைப்பவர்கள், பெற்றோரோ உறவினரோ ஆசிரியரோ, முதலில் மனதில் வைக்கவேண்டியது இதைத்தான்.

எவ்வளவு அசைவு வேண்டும்?

கனடா 2016இல் 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு 24 மணி நேர வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. நாள் முழுவதையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் அதன் சிறப்பு. ஒரு நாளில் குறைந்தது 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு அசைவு, அதற்கு மேல் நடப்பது, வீட்டு வேலை போன்ற இலேசான அசைவு பல மணி நேரம், பொழுதுபோக்குக்கான திரை நேரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இல்லை, 13 வயது வரை இரவில் 9 முதல் 11 மணி நேரத் தூக்கம், 14 முதல் 17 வரை 8 முதல் 10 மணி நேரம். வாரத்தில் மூன்று நாளாவது கடுமையாக ஓடியாடுவதும், தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் குதித்தல், ஏறுதல் போன்றவையும் இருக்கவேண்டும். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நாளெல்லாம் பரவிய 180 நிமிட அசைவு, அதில் 60 நிமிடம் துள்ளல் விளையாட்டு.

60 நிமிடம் என்றதும் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் என்று பலர் நினைத்து மலைத்துப்போகிறார்கள். அப்படி இல்லை. காலையில் பத்து, இடைவேளையில் பதினைந்து, பின்னேரம் முப்பத்தைந்து என்று சேர்த்தாலும் கணக்கில் சேரும். அசைவு போதிய வேகத்தில் இருக்கிறதா என்று அறியக் கருவி எதுவும் தேவையில்லை. ஓடும் பிள்ளையால் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது நடுத்தர வேகம். சில சொற்களுக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் கடுமையான வேகம். இரண்டும் அந்த 60 நிமிடத்தில் அடங்கும்.

"பள்ளிக்கூடத்தில் ஜிம் வகுப்பு இருக்கிறதே" என்ற நம்பிக்கை பரவலானது. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் ஆரம்பப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பாடநேரத்துக்குள் ஒரு நாளைக்கு 20 நிமிட உடல் அசைவு இருக்கவேண்டும் என்பது 2005இல் கொண்டுவரப்பட்ட விதி. அது முழுதாக நடந்தாலும் தேவையில் மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் 40 நிமிடம் இடைவேளையிலும் பின்னேரத்திலும் வாரவிடுமுறையிலும் கிடைத்தாக வேண்டும். கனடாவில் பிறந்த பிள்ளைகளிலும் பலர் இந்த அளவை எட்டுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறை புதிதாக வந்தவர்களிடம் மட்டும் இருப்பதாக நினைத்து எந்தத் தாயும் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம்.

ஆனாலும் நமக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே முக்கியம். குடியேறிகள் வந்து சேரும்போது சராசரியாக நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார்கள், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த மேம்பாடு கரைகிறது என்பது கனடாவின் சுகாதார ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு மற்றவர்களைவிட இளவயதிலும், குறைந்த உடல் எடையிலுமே வரக்கூடியது. பிள்ளை மெலிந்திருக்கிறது, ஆகவே கவலையில்லை என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

வெட்கமும் குளிரும்

தடைகளைப் பற்றிப் பேசும்போது பணத்தையே எல்லோரும் முதலில் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை அதற்கு முன்பே இரண்டு வந்துவிடுகின்றன.

ஒன்று பிள்ளையின் வெட்கம். பத்து வயதில் வந்த சிறுமிக்கு வகுப்பிலுள்ள மற்றவர்கள் நான்கு வயதிலிருந்து ஸ்கேட்டிங் பழகியவர்களாகத் தெரிவார்கள். விளையாட்டு விதிகள் ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லப்படும். அணி பிரிக்கும்போது கடைசியில்தான் அவள் பெயர் வரும். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் இடைவேளையில் அவள் சுவரோரம் நிற்கப் பழகிவிடுவாள். வீட்டில் கேட்டால் "எனக்குப் பிடிக்கேல்ல" என்பாள். பிடிக்கவில்லை என்பதற்குள் "எனக்குத் தெரியாது, தெரியாததை எல்லோரும் பார்த்துவிடுவார்கள்" என்பது ஒளிந்திருக்கும். இதற்கு அறிவுரை உதவாது. யாரும் பார்க்காத இடத்தில், தெரிந்த ஒருவரோடு, பந்தை எறிந்து பிடிக்கவும், உதைக்கவும், கயிறு தாண்டவும் பழகுவதுதான் மருந்து. எறிதல், பிடித்தல், உதைத்தல், தாண்டுதல், சமநிலையில் நிற்றல் ஆகிய அடிப்படை அசைவுகள் கைவந்த பிள்ளைக்கு எந்தப் புது விளையாட்டும் பாதி தெரிந்ததாகிவிடும். வாரம் இரண்டு பின்னேரம் அப்பாவோ மாமாவோ பூங்காவில் அரை மணி நேரம் டென்னிஸ் பந்து எறிந்து கொடுத்தாலே சில மாதங்களில் வித்தியாசம் தெரியும்.

கூடவே ஒரு துணை. தனியாக வகுப்பில் சேர்க்கப்படும் பிள்ளை மூன்றாம் வாரம் வர மறுக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து சேர்க்கப்பட்டால் வரும். பதிவு செய்வதற்கு முன் இன்னொரு குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது, விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பயனுள்ள வேலை.

இரண்டாவது குளிர். டிசம்பரில் ரொறன்ரோவில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். பள்ளி விட்டு வருவதற்கும் இருட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரமே இருக்கிறது. அந்த நேரத்தில் பெற்றோர் இருவரும் ஷிஃப்டில் இருப்பார்கள், அல்லது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்ற பயமும் பெரியது. சளியைக் கொண்டுவருவது வைரஸ். பனியில் விளையாடியதால் மட்டும் சளி வராது. உண்மையில் பார்க்கவேண்டியது விரல், காது, மூக்கு நுனி உறைவதையும், ஈர உடுப்போடு நீண்ட நேரம் நிற்பதையும்தான்.

ஆகவே உடுப்பைச் சரியாக அறிந்துகொள்வது முதல் விளையாட்டுப் பாடம். உடலோடு ஒட்டிய உடுப்பு பருத்தியாக இருக்கக்கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொண்டு உடலைக் குளிரச் செய்யும். கம்பளி, அல்லது விளையாட்டு உடுப்புகளில் வரும் பாலியெஸ்டர் நல்லது. அதன்மேல் ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். ஐந்து விரலும் பிரிந்த கையுறையைவிட, விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன் அதிகச் சூடு தரும். நீளமான சால்வை சறுக்குமரத்தில் சிக்கிக் கழுத்தை நெரிக்கக்கூடும் என்பதால் கழுத்தோடு நிற்கும் நெக் வார்மர் பாதுகாப்பானது. பனியில் நனையாத காற்சட்டையான ஸ்னோ பேண்ட் ஆடம்பரம் என்று நினைத்து வாங்காமல் விடும் குடும்பங்களைப் பார்க்க மனம் வருந்துகிறது. அது இல்லாத பிள்ளை இடைவேளை முழுவதும் பனியில் இறங்காமல் ஓரமாக நிற்கும், மற்றவர்கள் உருண்டு புரள்வதைப் பார்த்துக்கொண்டு. பழைய உடுப்புக் கடைகளிலும் குடியமர்வு உதவி அலுவலகங்களிலும், தேவாலயங்களிலும் கோவில்களிலும் ஒக்டோபர் மாதமே கேட்டுப் பார்க்கவேண்டும். ஜனவரியில் நல்ல அளவுகள் தீர்ந்திருக்கும்.

படிப்பு கெட்டுவிடாதா?

நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு மரியாதையோடு பதில் சொல்லவேண்டும். பிள்ளையின் எதிர்காலத்துக்காகவே எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களுக்கு, விளையாட்டில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் இழந்த படிப்பு நேரமாகத் தெரிவது இயல்பு. ஆய்வுகள் பொதுவாகக் காட்டுவது வேறு. பள்ளி நாளில் உடல் அசைவுக்கு நேரம் ஒதுக்குவதால் மதிப்பெண் குறைவதில்லை. ஓடியாடிய பிறகு கவனம் கூர்மையாவதும், நன்றாகத் தூங்குவதும் படிப்புக்கே திரும்பி வருகின்றன. புதிதாக வந்த பிள்ளைக்கு இன்னொரு இலாபமும் உண்டு. "பாஸ்!", "மை டேர்ன்!", "வெயிட் ஃபோர் மீ!" என்று மைதானத்தில் கத்திக் கற்கும் ஆங்கிலம், வகுப்பில் வாய் திறக்கத் துணிவு தரும்.

பரதநாட்டியம் கணக்கில் சேருமா என்று தமிழ்த் தாய்மார் கேட்பதுண்டு. தாராளமாகச் சேரும். அரைமண்டியில் நின்று அடவு செய்வது தொடைக்கும் மூச்சுக்கும் கடினமான பயிற்சி. சிக்கல் வகுப்பு வாரத்தில் ஒரு நாள் என்பதுதான். அதைப் பிள்ளை வீட்டில் இன்னும் இரண்டு நாள் பழகினால் வாரத்தில் மூன்று நாள் கடுமையான அசைவு என்று வழிகாட்டி சொல்வது நிறைவேறிவிடும். கிளித்தட்டும் அப்படித்தான். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து கோடை வாரவிடுமுறையில் புல்வெளியில் கோடு போட்டால் போதும், செலவே இல்லை. பிலிப்பீன்ஸ் குடும்பங்கள் கூடைப்பந்தையும், ஆப்கான், பாகிஸ்தான் குடும்பங்கள் கிரிக்கெட்டையும் கையோடு கொண்டு வந்திருக்கிறார்கள். பிள்ளை ஏற்கெனவே கெட்டிக்காரனாக இருக்கும் ஒன்றில் தொடங்குவது, பனி ஹாக்கியில் தொடங்குவதைவிடப் பல மடங்கு எளிது. ஹாக்கி பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

பணமும் படிவமும்

ஒரு குடும்பம் ஒன்றே ஒன்றுக்குத்தான் பணமும் நேரமும் ஒதுக்க முடியும் என்றால், அது நீச்சலாக இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்ராறியோவில் 2,50,000க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. கோடையில் பள்ளிச் சுற்றுலாவும் உறவினர் ஒன்றுகூடலும் தண்ணீர் அருகிலேயே நடக்கும். புதிதாக வந்தவர்களிடையே நீந்தத் தெரியாதோர் அதிகம். கனடாவின் உயிர்காப்புச் சங்கம் வகுத்த "உயிர் பிழைக்க நீச்சல்" என்ற அளவுகோல் எளிமையானது. ஆழமான நீரில் உருண்டு விழவேண்டும், ஒரு நிமிடம் மிதந்து நிற்கவேண்டும், 50 மீட்டர் நீந்தவேண்டும். ஒன்ராறியோவில் பல பள்ளிகள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இந்தப் பயிற்சிக்கு அழைத்துச் செல்கின்றன. அனுமதிப் படிவம் பையின் அடியில் கிடந்து கசங்கியதால் போகாமல் நிற்கும் பிள்ளைகள் உண்டு. ஆங்கிலத்தில் நீளமாக இருக்கும் அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டால் ஏதாவது கடன் வருமோ, சட்டச் சிக்கலோ என்று பயப்படும் பெற்றோரும் உண்டு. தெரிந்தவர் ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து வாசித்துச் சொல்வது பெரிய உதவி. பெண் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் பெண்கள் மட்டுமான நீச்சல் நேரங்கள் பல சமூக நிலையங்களில் இருக்கின்றன. கை கால் மூடிய நீச்சல் உடையும் கிடைக்கிறது. கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

கட்டண உதவி பல இடங்களில் இருக்கிறது. ரொறன்ரோ மாநகரின் சில சமூக நிலையங்களில் வகுப்புகள் இலவசம். மற்ற நிலையங்களுக்குக் குறைந்த வருமானக் குடும்பங்கள் "வெல்கம் பொலிசி" என்ற திட்டத்தில் விண்ணப்பித்து ஆண்டுக்கு ஒரு தொகை பெறலாம். 2005இல் தொடங்கிய "ஜம்ப்ஸ்டார்ட்" என்ற தொண்டு அமைப்பு 4 முதல் 18 வயது வரையான பிள்ளைகளின் பதிவுக் கட்டணத்துக்கு உதவுகிறது. 1993இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்த "கிட்ஸ்போர்ட்" என்ற அமைப்பும் அதே உதவிக்காக இன்று நாடெங்கும் இயங்குகிறது. விண்ணப்பம் முடிய வாரக்கணக்கில் ஆகலாம், வகுப்புப் பதிவோ திறந்த அன்றே நிரம்பிவிடும். எனவே உதவிக்கான விண்ணப்பம் முதலில், வகுப்பைத் தேடுவது பிறகு.

உதவி எந்த வடிவில் வருகிறது என்பதும் முக்கியம். மத்திய அரசு 2007இல் பிள்ளைகளின் விளையாட்டுச் செலவுக்கு ஒரு வரிச்சலுகை கொண்டுவந்தது. முதலில் கையிலிருந்து கட்டணம் செலுத்தவேண்டும், அடுத்த ஆண்டு வரியில் கழியும். வரி கட்டும் அளவுக்கே வருமானம் இல்லாத புதுக் குடும்பத்துக்கு அதில் எதுவும் கிடைக்கவில்லை. 2015இல் அது பணமாகத் திரும்பக் கிடைக்கும்படி திருத்தப்பட்டது, 2017இல் முற்றாக நீக்கப்பட்டது. முன்பணம் இல்லாதவருக்கு முன்கூட்டியே செய்யும் உதவிதான் உதவி.

இன்னொரு செலவுப் பொறியையும் சொல்லவேண்டும். எந்த விளையாட்டிலும் "ஹவுஸ் லீக்" என்பது உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லோரும் சேரும் பிரிவு. "ரெப்" அணி தேர்வு வைத்து எடுப்பது, பல ஊர்களுக்குப் பயணம், சீருடை, ஹோட்டல் என்று ஆயிரக்கணக்கில் வளர்வது. ஆரம்பிக்கும் பிள்ளைக்கு ஹவுஸ் லீக் போதும். பயிற்றுநர் புகழ்ந்தாலும் முழுக் கணக்கைக் கேட்காமல் தலையாட்டவேண்டாம்.

நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு

பள்ளியிலோ சமூக நிலையத்திலோ வேலை செய்பவர்கள் "துண்டறிக்கை கொடுத்தோம், யாரும் வரவில்லை" என்று சொல்வதுண்டு. துண்டறிக்கைக்கு யாரும் வரமாட்டார்கள். தெரிந்த குரல் அழைத்தால் வருவார்கள். கட்டடத்தில் எல்லோரும் மதிக்கும் ஓர் அக்கா வாட்ஸ்அப்பில் குரல் செய்தி போட்டால் பத்துப் பிள்ளைகள் வருவார்கள். இரண்டு பஸ் மாறிப் போகும் மைதானத்தைவிட அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபம் நல்லது. மூன்று வயதும் எட்டு வயதும் பன்னிரண்டு வயதும் உள்ள வீட்டில் மூவருக்கும் ஒரே நேரம் ஏதாவது இருந்தால்தான் தாய் வெளிக்கிடுவார். அந்த ஒரு மணி நேரம் தாய்மாருக்கும் ஒரு நடைக் குழுவோ ஆங்கில உரையாடலோ இருந்தால் அடுத்த வாரமும் வருவார்கள். பந்து, மட்டை, ஸ்கேட், ஹெல்மெட் எல்லாம் இரவலாகக் கிடைக்கவேண்டும். ரமழானில் நேரத்தை மாற்றவேண்டும்.

போரிலிருந்து வந்த பிள்ளைகளிடம் கூடுதல் மென்மை வேண்டும். திடீர் விசில், வெடிச்சத்தம், இருட்டு மண்டபம், பின்னாலிருந்து தொடுவது அவர்களை உறையவைக்கலாம். என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி, விரும்பியபோது ஒதுங்கி உட்கார இடம் கொடுத்தால் போதும், தங்கள் வேகத்தில் சேர்ந்துகொள்வார்கள். தலைமறைப்பு அணிந்த சிறுமியிடம் "இதோடு விளையாட முடியாது" என்று எந்தப் பயிற்றுநரும் சொல்லவேண்டியதில்லை. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 2014இலும், கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017இலும் அதை அனுமதித்துவிட்டன.

எங்கே தொடங்குவது

இந்த வாரமே தொடங்க விரும்பும் பெற்றோருக்கு: பள்ளி நடக்கும் தூரத்தில் இருந்தால் காரையும் பஸ்ஸையும் விட்டுவிடுங்கள். பெற்றோர் ஷிஃப்டில் இருந்தால் கட்டடத்திலுள்ள நான்கு குடும்பங்கள் முறைவைத்து எல்லாப் பிள்ளைகளையும் ஒருவர் நடத்திக் கூட்டிப் போகலாம். பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு வராமல், கையில் ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் கொடுத்து அரை மணி நேரம் பள்ளி விளையாட்டுத் திடலிலேயே விடுங்கள். வீட்டுக்குள் வந்து திரையைத் திறந்த பிள்ளையை மறுபடி வெளியே இறக்குவது மிகக் கடினம். வரும் வழியில் பிடித்துவிடுவது எளிது. குளிர்காலத்தில் மாநகரின் வெளிப்புற ஸ்கேட்டிங் திடல்கள் இலவசம். ஸ்காபரோ குடிமை மையத்தின் அல்பேர்ட் கெம்பல் சதுக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. ஹெல்மெட் கட்டாயம் போடுங்கள். சைக்கிளிலும் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஹெல்மெட் அணிவது ஒன்ராறியோவில் சட்டம். ஸ்காபரோவின் கிழக்கே ரூஜ் தேசிய நகர்ப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நாட்டின் மற்றத் தேசியப் பூங்காக்களிலும் 17 வயது வரை பிள்ளைகளுக்கு நுழைவு இலவசம்.

ஓடும்போது, குறிப்பாகக் குளிரில், பிள்ளைக்கு விடாத இருமலோ மூச்சிழுப்போ வந்தால் அது சோம்பலாக இல்லாமல் ஆஸ்துமாவாக இருக்கலாம். குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள். சரியான மருந்தோடு ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் நன்றாக ஓடலாம்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் ரொறன்ரோவில் 311 என்ற மாநகர சேவை எண்ணை அழைத்து "தமிழ்" என்று மட்டும் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள இலவச சமூக நிலையம் எது, வெல்கம் பொலிசிக்கு எந்தப் பத்திரங்கள் தேவை, அடுத்த பதிவு எந்தத் திகதியில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்ற மூன்றையும் அந்த ஒரே அழைப்பில் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.